வழுக்கையும் வழக்கும்

ஆண்மகனுக்குத் தலைமயிர் உதிர்வது வியாதியா, வயதின் இயல்பா என்னும் கேள்விக்கு, ஜெர்மனியில் காஸல் நகரத்துச் சமூக உச்ச நீதிமன்றம் 2015 ஏப்ரல் 22ஆம் தேதி விடை சொல்ல வேண்டியதாயிற்று. தலையிலும் முகத்திலும் ரோமத்தை அறவே இழந்த முதியவர் ஒருவர், பொய்முடிக்கான செலவை நோய்க்காப்பீட்டு நிதி ஏற்கவேண்டுமென வழக்காட, ஆண்களில் மிகப் பலர் காலப்போக்கில் முடியிழப்பது இயற்கையாதலால் தலைமயிர் மாத்திரம் போவதை நோயென்று கொள்வதற்கில்லை என்றும், புருவமும் இமைமயிரும் சேர்ந்து போவது நோயே ஆயினும் வயோதிகரின் வழுக்கை யார் கண்ணையும் உறுத்தாது என்றும், இளைஞராயின் வேறு விதமாக யோசிக்கலாம் என்றும் கூறி நீதிபதிகள் அவர் கோரிக்கையை நிராகரித்தனர். தர்க்கம் பிசகாத தீர்ப்புத்தான். ஆனால், கண்ணாடி முன் நிற்பவரின் மனக்கிலேசம் அறுபது வயதோடு ஓய்ந்துவிடுவதாக நான் கேட்டதில்லை.

அம்முதியவரைப் பீடித்தது, நம்மவர் புழுவெட்டு என்று வழங்கும் நோயின் உக்கிர ரூபம். சரீரத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே ரோமக்கால்களைத் தாக்குவதால் விளைவது. ஆண்களிடம் சாதாரணமாகக் காணும் வழுக்கையோ, ஆண்மைச் சுரப்பிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற பொருள், பரம்பரையாக அதற்கு வசப்படும் ரோமக்கால்களைச் சிறுகச் சிறுக மெலிவிப்பதால் வருவது. 2005இல் பான் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மகன் தாயிடமிருந்தே பெறும் எக்ஸ் குரோமோசோமில் இதற்குப் பிரதானமான மரபணு ஒன்றைச் சுட்டியபோது, பழி தாய்வழிப் பாட்டனார் மீது விழுந்தது. 2017இல் அவர்கள் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வு மரபணுத் தொகுதியில் 63 இடங்களைக் குறித்தபடியால், தந்தை வழியினரும் தப்பவில்லை. கடுங்காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவைச் சிகிச்சை, பட்டினி இவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்வது வேறொரு வகை; அது பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

ஆகவே, நாளொன்றுக்கு நூறு மயிர் வரை உதிர்வது இயல்பென்பதை மறந்து கலங்குவதற்கு முன், தோல் வைத்தியரிடம் செல்வதே உசிதம். அவர் முடிக்கற்றையை மெல்ல இழுத்துப் பார்ப்பார்; பூதக்கண்ணாடியால் தலைத்தோலை நோக்குவார்; இரும்புச் சத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்விப்பார். ஜெர்மனியில் உருவான டிரைக்கோஸ்கேன் என்னும் முறையில், சிறு இடத்தைச் சிரைத்து, மூன்று நாள் கழித்துச் சாயமிட்டுப் படமெடுத்து, வளர்கிற முடி எத்தனை, ஓய்ந்த முடி எத்தனை என்று கணினியே கணக்கிடுகிறது.

பரம்பரை வழுக்கைக்கு மினாக்ஸிடில் திரவத்தை ஜெர்மானியர் மருந்துச் சீட்டின்றியே மருந்துக்கடையில் வாங்கலாம். பலன் தெரிய நான்கு மாதமேனும் ஆகும், விட்டுவிட்டால் பழைய நிலையே திரும்பும். ஆண்களுக்கான ஃபினஸ்டிரைடு மாத்திரை வைத்தியர் சீட்டுக்கே உரியது. அது ஆண்மைக் குறைவையும் மனச்சோர்வையும் உண்டாக்கலாமென 2018இல் அந்நாட்டு மருந்து அதிகாரிகள் எச்சரித்தனர். புழுவெட்டின் கடுமையான வகைக்கு பாரிசிட்டினிப் என்னும் மாத்திரையை 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தது. கூந்தல் வளர்க்கும் மருந்துகளைப் பொதுக் காப்பீட்டிலிருந்து 2004 முதல் சட்டமே விலக்கியிருப்பதால், மினாக்ஸிடில், ஃபினஸ்டிரைடு இரண்டுக்கும் செலவு சொந்தப் பணத்திலிருந்துதான். மலிவான வழியென்று பீலஃபெல்ட் நகர நிறுவனமொன்றின் காஃபீன் ஷாம்புவை நாடுவோருக்கு ஒரு செய்தி: முடியுதிர்வைக் குறைக்கும் என்ற அதன் விளம்பரத்தை, சான்று போதாதென்று 2018இல் பிரிட்டனின் விளம்பர ஒழுங்குமுறை அமைப்பு தடுத்துவிட்டது.