நோய் சொன்னதையே ஊரும் சொன்னபோது
ஊரடங்குக் காலம் மனச்சோர்வு உள்ளவர்களை என்ன செய்தது?

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாள்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார். தமிழ்நாட்டில் அன்று மாலை ஆறு மணிக்கே 144 தடை உத்தரவு வந்துவிட்டது. வெளியே வராதீர்கள், யாரையும் சந்திக்காதீர்கள், விலகி இருங்கள் என்று ஒலிபெருக்கி வைத்த ஆட்டோக்கள் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போயின.

கொரோனா தொற்றைத் தடுக்க அது அவசியமான அறிவுரை. ஆனால் மனச்சோர்வு நோயோடு வாழ்கிறவர்களுக்கு அந்தச் சொற்கள் புதியவை அல்ல. வெளியே போகாதே, யாரோடும் பேசாதே, படுத்தே கிட என்று அவர்களுடைய நோய் நெடுநாளாக உள்ளிருந்து சொல்லிவந்தது அதைத்தான். அந்தக் குரலோடு மல்லுக்கட்டித்தான் அவர்கள் ஒவ்வொரு நாளும் வாசற்படியைத் தாண்டினார்கள். அன்று முதல் ஊரே அந்தக் குரலின் பக்கம் சேர்ந்துகொண்டது.

கவலை வேறு, மனச்சோர்வு வேறு

‘டிப்ரெஷன்’ என்ற சொல்லைத் தமிழில் பெரும்பாலும் ‘மன அழுத்தம்’ என்கிறோம். வேலைப் பளு தரும் நெருக்கடிக்கும் அதே சொல்தான். இதனால் நோய் நோயாகத் தெரிவதில்லை. மருத்துவர்கள் சொல்லும் மனச்சோர்வு, குறைந்தது இரண்டு வாரங்கள், ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி நீடிப்பது. எதிலும் நாட்டம் இருக்காது. தூக்கமும் பசியும் தாறுமாறாகும். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் நிலைத்துவிடும். பலருக்கு இது உடம்பு வழியாகவே பேசும். தலை பாரம், தீராத அசதி, காரணம் புரியாத வலி என்று பொது மருத்துவரிடம் அலைவார்கள்.

நிம்ஹான்ஸ் என்னும் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த நோய்க்கு ஆளாகிறார். அவர்களில் 100க்கு சுமார் 85 பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. ஊரடங்கு வருவதற்கு முன்பே நிலைமை இதுதான்.

பேருந்தும் டீக்கடையும் செய்த வேலை

மனச்சோர்வுக்கு மாத்திரை உண்டு, பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. அவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அன்றாட ஒழுங்குதான் அது. ஆறரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுவது, டீக்கடையில் தெரிந்த முகத்தைப் பார்த்துத் தலையசைப்பது, மாலையில் கோயில் பிரகாரத்தை ஒரு சுற்று வருவது. இவற்றை யாரும் மருந்துச் சீட்டில் எழுதுவதில்லை. ஆனாலும் இவை மருந்தின் வேலையில் ஒரு பகுதியைச் செய்துவந்தன.

இதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் படுவதும், குறித்த நேரத்தில் உண்பதும், மனிதர்களைச் சந்திப்பதும் நம் உடல் கடிகாரத்தைச் சரியாக ஓடவைக்கின்றன. அது பிசகினால் தூக்கம் பிசகும். தூக்கம் பிசகினால் மனநிலை சரியும். இன்னொரு காரணத்தை அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970களிலேயே விளக்கினார். செயல்கள் குறையக் குறைய மனதுக்கு இதம் தரும் அனுபவங்கள் குறைகின்றன. அதனால் சோர்வு கூடுகிறது, சோர்வு கூடியதால் செயல் இன்னும் குறைகிறது. இந்தச் சுழலை அறுக்க, மனம் தெளியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிறிய செயலை முதலில் செய்ய வேண்டும், மனம் பின்னால் வரும். ‘மனசு சரியானதும் போறேன்’ என்பவரிடம் ‘போய்ட்டு வா, மனசு சரியாகும்’ என்று சொல்லும் சிகிச்சை முறை அது.

ஊரடங்கில் போவதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

மறைந்துபோன அறிகுறிகள்

ஆரம்ப வாரங்களில் சிலருக்கு ஒருவித நிம்மதிகூட இருந்தது. ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. வீட்டிலேயே கிடப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நிம்மதியில்தான் ஆபத்து இருந்தது. ஒதுங்கி இருப்பது அப்போதைக்கு இதமாகத் தோன்றும். நாள்பட நோயை வேரூன்றச் செய்யும்.

வழக்கமான நாள்களில் ஒருவர் மூன்று நாள் குளிக்காமல் இருந்தால் அம்மா கவனிப்பார். விடிய விடிய விழித்திருந்து பகலில் உறங்கினால் கேள்வி வரும். ஊரடங்கில் எல்லா வீட்டிலும் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். நோயின் அறிகுறியும் ஊரின் வழக்கமும் ஒரே உருவம் எடுத்துக்கொண்டதால், சரிந்துகொண்டிருந்தவரைப் பக்கத்தில் இருந்தவர்களாலும் அடையாளம் காண முடியவில்லை.

பாதியில் நின்ற மாத்திரை

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரவே சில வாரங்கள் ஆகும். குணம் தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை வரலாம். நோயும் திரும்பக்கூடும். மருந்துக் கடைகள் திறந்திருந்தன என்பது உண்மை. ஆனால் மனநல மருத்துவர் மாவட்டத் தலைநகரில் இருப்பார், பேருந்து ஓடாது. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும், பழைய மருந்துச் சீட்டின் தேதி முடிந்திருக்கும். இது நம்மூரின் நிலை மட்டுமல்ல. 2020இல் உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளில் எடுத்த கணக்கில், 93 விழுக்காடு நாடுகளில் முக்கியமான மனநலச் சேவைகள் தடைபட்டிருந்தன அல்லது நின்றுபோயிருந்தன.

மாற்று வழிகள் வராமல் இல்லை. தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகளை மத்திய அரசு ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25 அன்று வெளியிட்டது. நிம்ஹான்ஸ் உதவி எண் திறந்தது. தொலைபேசி வழியாகவே பலர் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். ஆனால் ஒற்றை அறை வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் கணவரின் சட்டைப் பையில். தன் துயரத்துக்குக் காரணமானவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்க, ஒரு பெண் மருத்துவரிடம் என்ன சொல்லிவிட முடியும்? மனநலச் சிகிச்சைக்குத் தனிமையான ஒரு மூலையும் தேவை. கூட்டமான வீடுகளில் அதுதான் கிடைக்கவில்லை.

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலக அளவில் மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் 25 விழுக்காடு கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் தெரிவித்தது. பெண்களும் இளையோரும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள்.

அடுத்த முறை

வெள்ளமோ புயலோ இன்னொரு தொற்றோ, கதவடைக்கும் நாள் மறுபடி வரலாம். பாலும் காய்கறியும் அத்தியாவசியம் என்று அன்று வண்டிகளுக்கு அனுமதி கொடுத்தோம். மனநல மாத்திரையும் அதேபோல் வீட்டருகே வந்துசேர வேண்டும். சிகிச்சையில் இருப்பவர்களின் விவரம் அந்தரங்கம் காக்கப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால், இரண்டு மாத மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிடலாம். வாரம் ஒரு முறை அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டுப் பேசலாம். பிரிட்டனில் 2020 மார்ச் ஊரடங்கிலேயே நாளுக்கு ஒரு முறை உடற்பயிற்சிக்காக வெளியே செல்ல அனுமதி இருந்தது. இடைவெளி விட்டு அரை மணி நேரம் நடப்பது சிலருக்குச் சிகிச்சை என்பதை நம் விதிகளும் ஏற்க வேண்டும்.

2022 அக்டோபர் முதல் 14416 என்ற டெலி-மானஸ் எண் இயங்குகிறது. எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருவருக்கு இருக்கிறதோ என்று தோன்றினால், அதை நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்பதால் பலருக்கு மனப் பாரம் இறங்கும். உதவிக்கான வழியும் திறக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம் தொலைபேசிப் பேச்செல்லாம் ‘சாப்பிட்டாச்சா?’ என்றுதான் தொடங்கும். ‘ஆச்சு’ என்று பதில் வரும். மனச்சோர்வில் இருப்பவரும் அந்த ‘ஆச்சு’வைப் பழக்கத்தில் சொல்லிவிடுவார். அங்கேயே நிறுத்திவிடாமல் இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள்: “ராத்திரி தூங்கினியா? எத்தனை நாளா இப்படி இருக்கு?” கேட்ட பிறகு அவசரப்படாமல் காத்திருங்கள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும்.