வேகத்தில் ஏன் இழுவை குறைகிறது?

பழைய கார் ஒன்று நகருக்குள் குறையின்றி ஓடுகிறது. சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் மந்தமாகிவிடுகிறது. முன்னால் செல்லும் லாரியை முந்த ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஓசை கூடுகிறதே தவிர வேகம் கூடுவதில்லை. 'வண்டியில் பிக்கப் இல்லை' என்கிறோம். கியர் தானாக மாறும் வண்டி என்றால் பழி உடனே கியர் பெட்டியின் மேல் விழுகிறது. அதைக் கழற்றிப் புதுப்பிக்கப் பெருந்தொகை ஆகும். அதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

திறன் எங்கே போகிறது?

காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கிய அளவு. ஆகவே வேகம் இரு மடங்கானால், காற்றை வெல்வதற்கான திறன் எட்டு மடங்காகிறது.

1,100 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். டயர்களின் எதிர்ப்பையும் சேர்த்தால், 50 கிலோமீட்டர் வேகத்தைக் காக்க அதற்குச் சுமார் 3 கிலோவாட் போதும். 100 கிலோமீட்டர் வேகத்திற்கு ஏறக்குறைய 13 கிலோவாட் வேண்டும். மிஞ்சும் திறனே வேகத்தைக் கூட்டுகிறது. சக்கரங்களுக்கு 40 கிலோவாட் கிடைத்தால் முறையே 37, 27 மிஞ்சும். ஏதோ கோளாறால் 20 மட்டுமே கிடைத்தால் 17, 7 தான் மிஞ்சும். 50-இல் மிச்சம் பாதிக்குச் சற்றுக் கீழே. 100-இல் கால் பங்கு! நகரில் மறைந்திருந்த நோய் நெடுஞ்சாலையில் வெளிப்படுவது இதனால்தான்.

இரண்டு முட்கள்

நோய் எங்கே என்பதை முகப்பிலுள்ள இரண்டு முட்கள் சொல்லும். ஒன்று என்ஜினின் சுழற்சியைக் காட்டுகிறது. மற்றது வண்டியின் வேகத்தை. நடுவில் தடுப்புள்ள, நெரிசல் இல்லாத சாலையில், வேக வரம்புக்குள் ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்துங்கள். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். முட்களைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். நல்ல வண்டியில் கியர் ஒரு படி இறங்கும், சுழற்சி முள் ஒருமுறை துள்ளும், பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும்.

சுழற்சி முள் துள்ளவே இல்லை என்றால் கியர் இறங்கவில்லை. பழைய வண்டிகளில் ஆக்சிலேட்டர் கேபிள் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும். அதை இறுக்குவது சிறிய வேலை.

கியர் இறங்கிய பின் இரண்டு முட்களும் சேர்ந்தே, ஆனால் மெதுவாக ஏறினால் குறை பெரும்பாலும் என்ஜினின் மூச்சில். 1,500 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு என்ஜின் நிமிடத்திற்கு 2,000 சுற்றில் சுமார் 1,500 லிட்டர் காற்றை இழுக்க முடியும். 5,000 சுற்றில் 3,750 லிட்டர். செம்மண் புழுதி அடைத்த காற்று வடிகட்டி முன்னதற்கு ஈடுகொடுக்கும், பின்னதற்குக் கொடுக்காது. எரிபொருள் வடிகட்டியும் பம்பும் அப்படியே. புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி அடைத்துக்கொண்டால் உள்ளே போன மூச்சு வெளியே வராது. கோடை வெயிலும் சிறிது பங்கு கொள்கிறது: 20 டிகிரியைவிட 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைவு.

சுழற்சி முள் மட்டும் ஏறிக்கொண்டே போக, வேக முள் நின்றுவிட்டால்? அப்போதுதான் கியர் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைச் சுழலவிட்டால் மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்தால், தானியங்கிக் கியரின் முன்னே உள்ள டார்க் கன்வர்ட்டர் வேலை செய்யும் விதம் விளங்கும். இதற்கு வித்திட்டவர் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர். கப்பல்களுக்காக அவர் 1905-இல் காப்புரிமை பெற்றார். இதற்குப் பின்னால் உள்ள உராய்வுத் தட்டுகள் தேய்ந்து வழுக்கினால் திறன் வெப்பமாகிறது. சிவப்பு எண்ணெய் பழுப்பாகிக் கருகிய நெடி வீசினால் அதுவே சாட்சி.

ஆகவே காற்று வடிகட்டி, கேபிள், எரிபொருள் வடிகட்டி, கியர் எண்ணெய் என்று செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். காரணம் தெரிந்து சரிசெய்யும் வரை லாரிக்குப் பின்னாலேயே போங்கள். முந்துவதற்கு வேண்டிய திறன் இல்லாத வண்டி, முந்தும்போது எதிர்த்தடத்தில் நிற்கும் நேரத்தை நீட்டிவிடும். இருவழிச் சாலையில் அந்தச் சில நொடிகளே உயிருக்கு உலை வைக்கும்.