தோட்டத்தைத் தன் பெயரில் சுமந்தவர்

இலங்கை மலையகத்தின் அப்புத்தளையில் பதுளை ரயில் ஏறினால் தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை என்று மலை இறங்கி, பதுளைக்கு முந்திய நிலையமாக ஹாலிஎல வரும். அந்தப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர் சந்தனசாமி ஜோசப். பதுளைக்கு அருகே தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது எழுதத் தொடங்கினார். தெளிவத்தை ஜோசப் என்றே நிலைத்துவிட்டார்.

அவர் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்தவர் அல்லர். தகப்பனார் தோட்டப் பள்ளி வாத்தியார். மகனும் கும்பகோணத்திலும் பதுளையிலும் படித்துவிட்டுத் தோட்டத்தில் வாத்தியாராகவும் கிளாக்கராகவும் இருந்தார். வாத்தியாரும் கிளாக்கரும் லயத்துத் தொழிலாளரும் அல்லர், தோட்டத் துரையின் ஆட்களாகவும் முழுதாக ஆக மாட்டார்கள். ஆனால் இரண்டு பக்கமும் அவர்கள் கண்ணில் படும். கொழுந்து நிறை குறைந்தவளுக்கு அரைநாள் கூலி மட்டும் தரும் அரைப்பேர் விழுவது செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில்தான். அந்த ஒரு கோட்டுக்குப் பின்னால் அன்றிரவு அடுப்பு எப்படி எரியும் என்பதும் எழுதுகிறவனுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதியாக வேண்டும். ஜோசப்பின் கதைகளுக்கு உரம் அந்தச் சங்கடம்தான் என்று நான் நம்புகிறேன்.

‘மீன்கள்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பிள்ளையோடு ஒரே காம்பராவில் படுத்தெழ வேண்டிய குடும்பத்தின் அவமானம் அது. லயக் காம்பரா பெரும்பாலும் 10க்கு 12 அடி. வெளியிலிருந்து பார்ப்பவர் வறுமையை எழுதியிருப்பார். ஜோசப் எழுதியது மானத்தை. இன்னொரு காம்பரா கேட்டு ஆபீஸ் வாசலில் கைகட்டி நிற்பவர்களை அன்றாடம் பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவருக்கு 14 வயது. அதனால் நாடற்றவர்கள் ஆக்கப்பட்ட மலையகத் தமிழ்ச் சனங்களுக்குள்தான் அவர் வளர்ந்து ஆளானார். 1979இல் வந்த சிறுகதைத் தொகுதிக்கு ‘நாமிருக்கும் நாடே’ என்று பாரதியை நினைவூட்டும் பெயர் வைத்தது சும்மா அல்ல. அதற்கு இலங்கைச் சாகித்திய விருதும் கிடைத்தது. தோட்டத்தை விட்ட பின் கொழும்பு வாழ்க்கை. தலைநகரில் தமிழன் சந்தேகத்துக்கு ஆளாகும் பயம் ‘குடை நிழல்’ நாவலானது. இடம் மாற மாற எழுத்தும் மாறியது. நின்று பார்த்த இடத்தை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. 2013இல் தமிழகம் விஷ்ணுபுரம் விருது கொடுத்துக் கௌரவித்தது. 2022இல் மறைந்தார்.

கொழுந்தெடுத்த தாய்மார்களின் பிள்ளைகள் பலர் இன்று இந்த மலைகளில் ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள். லயத்தைப் பற்றி எழுதப் புறப்படும்போது, ஜோசப்பைப் போலவே நின்ற இடத்தை மறைக்காமல், அதைவிட்டு வெளியேறிய தங்களையும் அவர்கள் கதைக்குள் கொண்டுவர வேண்டும். பட்ட கஷ்டத்தைச் சொல்லப் பலரால் முடியும். அதில் தன் கை எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்பவரே எழுத்தாளர்.