முகம் பார்க்காத நண்பர் இறந்தால் ஏன் அழுகை வருகிறது?

கரன்ட் போனது தெரியும். ஆனாலும் அறைக்குள் நுழைந்ததும் கை தானாகச் சுவிட்சைத் தட்டும், இல்லையா? துக்கமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

தினமும் ராத்திரி பத்து மணிக்கு 'சாப்டாச்சா?' என்று செய்தி அனுப்பும் ஒருவரை மூளை எப்படிப் பதிந்துகொள்கிறது? எப்போது வருவார், எதற்குக் கிண்டலடிப்பார், எதற்குக் கோபிப்பார் என்ற எதிர்பார்ப்புகளாக. இதற்கு முகம் தேவையில்லை.

மரணச் செய்தி நொடியில் வந்துவிடும். எதிர்பார்ப்பு அத்தனை சீக்கிரம் அழியாது. பத்து மணியானால் கை போனைத் தேடும். ஏமாந்து ஏமாந்துதான் மூளை புதுக் கணக்குக்குப் பழகுகிறது.

நார்வேயின் மாட்ஸ் ஸ்டீனைப் பாருங்கள். அவர் தசைச்சிதைவு நோயால் 2014-இல், 25 வயதில் இறந்தார். மகனுக்கு நண்பர்களே இல்லை என்றுதான் பெற்றோர் நினைத்திருந்தார்கள். ஆனால் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டில் அவரை 'இபெலின்' என்று அறிந்தவர்களின் இரங்கல்கள் வந்து குவிந்தன. சிலர் வெளிநாட்டிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள்.

துக்கப்படுபவர்கள் ஏன் ஒன்றுகூட வேண்டும்? 'நேர்ல பார்த்ததுகூட இல்லையே!' என்பார் பக்கத்து வீட்டுக்காரர். அவரிடம் அழ முடியுமா? இறந்தவரைத் தெரிந்தவர்களோடு பேசினால்தான் 'இனி வரமாட்டார்' என்பது மெல்ல உறைக்கும். இபெலினின் குழு அந்த விளையாட்டுக்குள்ளேயே கூடி அவருக்கு அஞ்சலி செலுத்துகிறது.