பிளேட்லெட்டுக்கு ஏன் குழந்தை முகம்?

டெங்குக் காலம் வந்தால் டீக்கடை பெஞ்சிலும் பிளேட்லெட் கணக்கு பேசுவோம். "எழுபதாயிரத்துக்கு இறங்கிடுச்சாம்" என்பார்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும் என்பதும் பலருக்கு மனப்பாடம். சரி, அது உள்ளே என்னதான் செய்கிறது என்று பக்கத்தில் நிற்கும் பிள்ளை கேட்டால், "ரத்தம் உறைய உதவுது" என்பதோடு நம் சரக்கு தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில்தான் படக்கதை கைகொடுக்கிறது. ஜப்பானில் அகானே ஷிமிஸு 2015இல் தொடங்கிய 'செல்ஸ் அட் வொர்க்' தொடரில் உடம்பே ஒரு பெருநகரம். ஆக்ஸிஜன் பெட்டிகளைச் சுமந்து ஓடும் பெண் ஒரு சிவப்பணு. கத்தியும் கையுமாகத் திரிபவன் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளையணு. பிளேட்லெட்டுகளோ நர்சரிப் பிள்ளைகள், கூட்டமாகத்தான் வருவார்கள்.

ஏன் பிள்ளைகள்? அழகுக்காக மட்டும் இல்லை. சிவப்பணுவின் குறுக்களவு ஏழெட்டு மைக்ரோமீட்டர். பிளேட்லெட்டுக்கு இரண்டு மூன்றுதான். ஒரு வரிகூடப் படிக்காத குழந்தைக்கும் இந்த அளவு வித்தியாசம் படத்தைப் பார்த்ததுமே பிடிபட்டுவிடுகிறது. அதாவது, பாடம் பேச்சு பலூனுக்குள் இல்லை, உருவத்திலேயே இருக்கிறது. இதற்கு மாறாக, கண்ணாடி போட்ட தாத்தா ஒருவர் நான்கு கட்டங்களுக்கு நின்று பேசிக்கொண்டே இருக்கும் 'அறிவியல் காமிக்ஸ்' நிறைய வருகின்றன. அவை கட்டம் போட்ட பாடப்புத்தகங்கள், அவ்வளவுதான். வாங்கும் முன் பலூன்களைக் கையால் மறைத்துப் பாருங்கள். படம் அப்போதும் ஏதாவது சொன்னால் காசு கொடுக்கலாம்.

வீடியோவில் இல்லாத ஒரு வசதியும் இதில் உண்டு. வீடியோ தன் வேகத்துக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடும். காமிக்ஸில் புரியாத கட்டத்தில் எவ்வளவு நேரமும் நிற்கலாம், இரண்டு பக்கம் பின்னால் போய் வரலாம். ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே என்ன நடந்தது என்பதைப் படிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். 'ஏன் இப்படி ஆச்சு?' என்ற கேள்வி அங்கேதான் முளைக்கும்.

ஆனால் படம் பொய்யையும் அதே பலத்தோடு பதித்துவிடும். 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் என்பது, ஓமின் விதியை மறந்துபோனவர்களுக்கும் இன்றுவரை மறக்கவில்லை. (மாயாவி மேல் எனக்குக் கோபம் கிடையாது. பிளக்கில் விரல் விடாதவரை அவர் நல்லவர்.)

ஷிமிஸுவின் கதையிலும் இடறல் உண்டு. அந்தச் சிவப்பணுப் பெண் அடிக்கடி வழி தவறித் திண்டாடுவாள். நிஜச் சிவப்பணு முதிரும்போது உட்கருவையே இழந்துவிடுகிறது. வழி தேடும் வேலை அதற்கு இல்லை, இதயம் தள்ளுகிற பக்கம் போகும். ஒரு மைக்ரோலிட்டரில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும் நெரிசலையும் எந்த ஓவியராலும் ஒரு பக்கத்தில் அடைக்க முடியாது. இதற்காகப் புத்தகத்தைப் பிடுங்கி வைக்க வேண்டாம். "இதுல எது நிஜம், எது கதைக்காக?" என்று கேளுங்கள். பிள்ளை பாடப்புத்தகத்தைத் தானாகவே தேடி எடுக்கும், படக்கதையைக் குற்றம் பிடிக்க.

அதற்கும் மேலே ஒன்று, வரையச் சொல்வது. முழங்கால் சிராய்ப்பு ஆறுவதை நான்கு கட்டங்களில் போடச் சொல்லுங்கள். ஓவியம் கோணல்மாணலாக இருந்தால் பரவாயில்லை. முதலில் ரத்தக்குழாய் சுருங்க வேண்டும். பிறகு பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கும். அதன்மேல் ஃபைப்ரின் இழைகள் வலை பின்னும், அதில் சிவப்பணுக்கள் சிக்கும். கடைசியில்தான் காய்ந்த பொருக்கு. 'உறைய உதவுகிறது' என்று எழுதித் தப்பிக்கலாம். வரையும்போது எது முன்னால், எது பின்னால் என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். பொருக்கை முதல் கட்டத்திலேயே போடுகிற பிள்ளைக்கு எது புரியவில்லை என்பது பரீட்சை வைக்காமலே தெரிந்துவிடும்.

நாலாவது கட்டம் முடிந்ததும், "அந்த வலையை அப்புறம் யார் பிரிப்பாங்க?" என்று ஒரு வாண்டு கேட்கக்கூடும். ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, ஃபைப்ரினைக் கரைக்கிற பிளாஸ்மினைக் கூட்டிவர வேண்டியதுதான். அதற்கு என்ன உருவம் என்பதை அந்த வாண்டே முடிவு செய்யட்டும்.