சங்கமும் கைத்தொலைபேசியும்: ஒரு சிறு பரீட்சார்த்தம்

ஊரில் இருந்த நாட்களில் சங்கக் கூட்டத்துக்கு ஆட்களை அழைப்பது பெரிய வேலையல்ல. வரம்பில் நின்று ஒருவர் குரல் கொடுத்தால் அடுத்த வயலுக்கும் செய்தி போய்விடும். இடம்பெயர்ந்த பின்னர் அங்கத்தவர்கள் உறவினர் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் தூர நகரங்களிலும் சிதறிப் போயினர். கூட்டம் நடப்பது தெரியாமல் ஒரு குடும்பம் தனது காணி விபரத்தைப் பதியத் தவறினால், அந்த இழப்பு சிறியதல்ல.

வட்ஸ்அப், முகநூல் போன்ற சமூக ஊடகங்கள் இதற்கு உதவுமா? உதவும். ஆனால் புதிய நெல்லினத்தை எந்தக் கமக்காரரும் முதற்போகத்திலேயே வயல் முழுவதும் விதைப்பதில்லை. ஒரு மூலையில் விதைத்துப் பார்ப்பார். சங்கமும் அவ்வாறே செய்யவேண்டும்.

முதலாவது, ஒரேயொரு நோக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். “கூட்ட அறிவித்தல் இரண்டு நாட்களுக்குள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்” என்பது போதும். இதைப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக எடுத்து, மூன்று மாதத் தவணை வையுங்கள்.

இரண்டாவது, கருவியின் தன்மையை அறிந்து பாவியுங்கள். வட்ஸ்அப் குழுவில் ஒருவரின் தொலைபேசி இலக்கம் மற்ற எல்லோருக்கும் தெரியும். தனித்து வாழும் பெண்களுக்கு இது தொல்லையாகலாம். ஆகவே சம்மதம் கேட்ட பின்னரே சேருங்கள். நிர்வாகிகள் மட்டும் செய்தி இடக்கூடியதாகவும் குழுவை அமைக்கலாம். வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்குக் குரற்செய்தி நல்லது. காணி உறுதி, அடையாள அட்டை ஆகியவற்றின் படங்களைக் குழுவில் போடவேண்டாம். ஒருமுறை கைமாறிய படத்தை மீளப் பெற முடியாது.

மூன்றாவது, கைத்தொலைபேசி இல்லாத ஒவ்வொருவருக்கும் செய்தி சொல்ல ஓர் அயலவரைப் பொறுப்பாக்குங்கள். பழைய வழிகளையும் விட்டுவிடாதீர்கள். 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் மாதங்களில் இலங்கையில் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. அவ்வேளைகளில் அறிவித்தற் பலகையும் நேரில் போய்ச் சொல்லும் வழக்கமுமே கைகொடுக்கும்.

தவணை முடிந்ததும் கூடிக் கணக்குப் பாருங்கள். எத்தனை பேருக்குச் செய்தி கிடைத்தது? யார் விடுபட்டனர்? டேட்டாவுக்கு எவ்வளவு செலவானது? பயனில்லையெனில் நிறுத்திவிடலாம், அது தோல்வியல்ல. பயனுண்டெனில், விடுபட்டவர்களை எப்படிச் சேர்ப்பது என்று முதலில் பேசி, அதன் பின்னர் அடுத்த நோக்கத்துக்குப் போங்கள். முடிவுகளை மட்டும் கூட்டத்திலேயே எடுத்து அறிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள்.