அணையும் பாலமும், நீருக்குள் போன ஊரும்

ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ ஆறு 1905ஆம் ஆண்டில் பெருக்கெடுத்து, வாய்க்கால் கரையை உடைத்து, தென் கலிபோர்னியாவின் பள்ள நிலத்தினுள் புகுந்தது. 1907இல்தான் உடைப்பை அடைக்க முடிந்தது. இவ்வாற்றை அடக்கவும், வயல்களுக்கு நீரும் மின்சாரமும் பெறவும், நெவாடா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் ஹூவர் அணை எழுந்தது. 1931இல் வேலை தொடங்கியது. 1935இல் அணை திறந்துவைக்கப்பட்டது. வேலைத்தலத்தில் இறந்தோர் 96 பேர் என்பது அரச கணக்கு.

அணையின் உயரம் 726 அடி. அடியில் 660 அடி தடிப்பு. உச்சியில் 45 அடி மட்டுமே. ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தமும் கூடும். எங்கள் குளக்கட்டு அடியில் அகன்றிருப்பதும் இதனாலேயே. ஆனால் குளக்கட்டு தன் பாரத்தால் மட்டுமே நீரைத் தாங்குகிறது. ஹூவர் அணையோ நீர்ப்பக்கமாக வில்போல் வளைந்திருப்பதால், அழுத்தத்தின் ஒரு பங்கை இருபக்க மலைப்பாறைகளிலும் ஏற்றிவிடுகிறது. கொங்கிறீற்று இறுகும்போது சூடேறும். அச்சூடு ஒழுங்காகத் தணியாவிட்டால் வெடிப்பு விழும். ஆகவே, தனித்தனிக் கட்டிகளாக வார்த்து, உள்ளே பதித்த குழாய்களில் குளிர்நீரை ஓடவிட்டார்கள்.

நெடுஞ்சாலை முன்னர் அணையின் உச்சி வழியாகவே சென்றது. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலின் பின் லொறிகள் அவ்வழியே செல்வது தடுக்கப்பட்டது. 2010 ஒக்டோபரில் அணைக்குச் சற்றுக் கீழே புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆற்றிலிருந்து ஏறத்தாழ 890 அடி உயரத்தில் நிற்கும் இப்பாலத்தையும் ஒரு வில்வளைவே தாங்குகிறது. அணையின் வளைவு நீரைத் தாங்குகிறது. பாலத்தின் வளைவு வாகனங்களின் பாரத்தைத் தாங்குகிறது. இரண்டும் சாய்ந்து நிற்பது மலையில். பக்கச்சுவர் உயரமாதலால் வாகனத்தில் போவோருக்கு அணை தெரியாது. நடைபாதையில் ஏறி நின்றால் முழுவதும் தெரியும்.

அங்கிருந்தும் தெரியாத ஒன்று உண்டு. அணைக்குப் பின்னால் தேங்கிய மீட் ஏரியின் வட கரையில் சென் தோமஸ் என்ற விவசாய ஊர் இருந்தது. 1865இல் குடியேறியவர்கள் அமைத்த ஊர். அரசாங்கம் காணிகளை வாங்கியது. கல்லறைகளும் மேட்டுநிலத்துக்கு மாற்றப்பட்டன. 1938இல், தண்ணீர் வாசலுக்கு வந்தபோது, கடைசியாக இருந்தவர் படகேறிப் போனார். 2000ஆம் ஆண்டுக்குப் பிந்திய நீண்ட வறட்சியில் ஏரி வற்ற, அவ்வூரின் வீட்டு அத்திவாரங்களும் பாடசாலைப் படிகளும் மீண்டும் வெளியே வந்தன.

நீரும் மின்சாரமும் பெரும்பாலும் தூரத்து வயல்களுக்கும் நகரங்களுக்குமே போயின. அணை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். வெள்ளத்தின் அழிவும் உண்மையே. ஆனால் உங்கள் பகுதியில் ஒரு நீர்த்திட்டம் பற்றிக் கூட்டம் கூடினால், மூன்று கேள்விகளை எழுந்து நின்று கேளுங்கள். தண்ணீர் யாருக்கு? காணி யாருடையது? காணி கொடுப்பவருக்கு அந்தத் தண்ணீரில் பங்கு உண்டா? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.